கிளைடர்ப் பள்ளியில் ஒரு நாள்

மார்கழி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வயல்வெளிகளிலும் கடற்கரைகளிலும் பட்டங்கள் எழுகின்றன. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் என அவற்றின் வகைகள் பல. விண் பூட்டிய பட்டங்களின் கூவல் இரவிலும் ஊரெங்கும் கேட்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப்போட்டியைக் காணப் பெருந்திரளான மக்கள் கூடுவர்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பருத்தித்துறைப் பகுதியில் சிலர் ஒன்றுகூடிப் பெரும் பட்டம் ஒன்றை ஏற்றினர். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாது பற்றியிருந்த இளைஞர் ஒருவரைப் பட்டம் பல அடி உயரத்துக்குத் தூக்கிச் சென்றது. கீழே நின்றோர் செய்வதறியாது கூக்குரலிட்டனர். நல்வேளையாக அவர் உயிர் தப்பினார். மனிதனைத் தூக்கும் வலிமை காற்றுக்கு உண்டு. பத்திரமாக இறக்கிவிடும் பொறுப்பு அதற்கு இல்லை. அப்பொறுப்பை மனிதன் தானே கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. அதனைக் கற்பிக்கும் இடமே கிளைடர்ப் பள்ளியாகும்.

கிளைடர் என்பது எஞ்சின் அற்ற விமானம். இதற்கும் பட்டத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டில் தமது முதற் கிளைடரைப் பெரும்பாலும் பட்டம் போலவே கயிறு கட்டி ஏற்றிச் சோதித்தனர். அவர்களுக்கு முன்னோடியாக விளங்கியவர் ஜேர்மனியரான ஒட்டோ லிலியந்தால். 1891ஆம் ஆண்டு முதலாக அவர் ஏறக்குறைய இரண்டாயிரம் முறை பறந்தார். 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கிளைடர் கவிழ்ந்து வீழ்ந்து உயிர் நீத்தார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் ஒருவரும் இருக்கவில்லை. பின்னர் வந்தோர் அவ்வாறு தனியே கற்க நேராதிருக்கவே பள்ளிகள் தோன்றின.

இந்தியாவில் புனே நகரை அடுத்த ஹடப்ஸரில் 1950ஆம் ஆண்டில் கிளைடர் நிலையம் ஒன்று அரசினரால் தொடங்கப்பட்டது. பயிற்சிக்கான விமானங்களை உள்நாட்டிலேயே ஆக்கும் முயற்சியும் அக்காலத்தில் எழுந்தது. எஸ். ராமாமிர்தம் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த ரோகிணி என்ற கிளைடர் 1961ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரத்தக்க மரத்தாலான விமானம் அது.

இத்தகைய பள்ளிகளில் ஒரு நாளின் ஒழுங்கு பெரும்பாலும் ஒரே விதமானது. காலையில் மாணவர் அனைவரும் கூடிக் கொட்டகையிலிருந்து கிளைடரைக் கையால் தள்ளி வெளியே கொணர்வர். பின்னர் சோதனை. இறக்கைகளைப் பூட்டும் ஆணிகள், சுக்கானின் அசைவு, கயிற்றைப் பற்றும் கொக்கி ஆகிய ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு உறுதி செய்தல் வேண்டும். காற்றின் திசையை அறிந்த பின்னரே எப்பக்கமிருந்து ஏறுவதென்று முடிவு செய்யப்படும்.

திடலின் ஒரு கோடியில் கிளைடர். மறுகோடியில், ஏறக்குறைய ஒரு கிலோமீற்றருக்கு அப்பால், கயிற்றைச் சுருட்டி இழுக்கும் பொறி. இவ்விரண்டுக்கும் இடையே வேலைகள் பல. இறக்கையின் நுனியை மட்டமாகப் பிடிக்க ஒருவர், கயிற்றைக் கொக்கியில் மாட்ட ஒருவர், சைகை காட்ட ஒருவர், நேரத்தைக் குறித்துவைக்க ஒருவர். இவர்களும் மாணவர்களே. ஒருவர் ஆகாயத்தில் ஐந்தாறு நிமிடம் கழிப்பதற்காக மற்றவர்கள் வெயிலில் மணிக்கணக்காக உழைக்கின்றனர். அடுத்த முறை அவர்களுள் ஒருவர் ஏற, இறங்கியவர் இறக்கையைப் பிடிப்பார்.

சைகை கிடைத்ததும் பொறி கயிற்றை இழுக்கிறது. இறக்கையைப் பிடித்தவர் சில அடி தூரம் உடன் ஓடிக் கைவிடுகிறார். கிளைடர் பட்டம் போலவே மூக்கை உயர்த்திச் செங்குத்தாக ஏறி, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் சுமார் ஆயிரம் அடியை எட்டுகிறது. அங்கே மாணவர் கயிற்றைக் கழற்றிவிடுகிறார். பட்டமாயின் அக்கணமே நிலைகுலையும். கிளைடரோ அப்போதுதான் பறக்கத் தொடங்குகிறது. நல்ல பயிற்சிக் கிளைடர் ஓர் அடி தாழ்வதற்குள் முப்பது அடி வரை முன்செல்லும்.

கண்ணாடிக் கூண்டின் வெளிப்புறத்தில் சிறு கம்பளி நூல் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். விமானம் செவ்வையாகச் சென்றால் நூல் நேரே நிற்கும். பக்கவாட்டில் வழுவினால் அதுவும் சாயும். வேகம் மிகக் குறைந்தால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். அதனை வேண்டுமென்றே உண்டாக்கி, மீளும் வழியை ஆசிரியர் காட்டுவார்.

எல்லாப் பாடங்களிலும் கடினமானது கயிறு அறும்போது செய்யவேண்டியதைக் கற்பதாகும். ஏறிக்கொண்டிருக்கையில் ஆசிரியர் சொல்லாமலே கயிற்றைக் கழற்றிவிடுவார். மூக்கு வானை நோக்கியிருக்கும். வேகம் விரைவாகக் குறையும். அஞ்சிய கை கோலைத் தன்பால் இழுக்கும். அது வீழ்ச்சிக்கே வழி. பயின்ற கை அதனை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, வேகம் மீளும்வரை காத்திருக்கும். அதன் பின்னரே நேரே இறங்குவதா, திரும்பி வருவதா என்று தீர்மானிக்க வேண்டும். இயல்பாக எழும் அச்சத்துக்கு மாறானதைச் செய்யக் கையைப் பழக்குவதற்கே இப்பாடம் மீண்டும் மீண்டும் நடத்தப்படுகிறது.

நண்பகலுக்குப் பின் நிலம் சூடேறி வெப்பக்காற்று மேலெழும். பிராந்து ஒன்று இறக்கையடிக்காது வட்டமிட்டு உயர்வதைக் கண்டால் தேர்ந்த மாணவர் அவ்விடம் சென்று தாமும் வட்டமிடுவர். ஐந்து நிமிடப் பறப்பு ஒரு மணி நேரமாக நீளவும் கூடும். ஆயினும் இறங்கும் முறை மாறாது. திடலைச் சுற்றி வந்து, உயரத்தை மதிப்பிட்டு, முதல் முயற்சியிலேயே தரை சேர வேண்டும். மறுபடி ஏறிவர எஞ்சின் இல்லை.

மாலையில் கிளைடர் கொட்டகைக்குத் திரும்பும். ஒவ்வொரு பறப்பும் குறிப்பேட்டில் பதிவாகும். பிழைகள் எல்லோர் முன்னிலையிலும் மறைவின்றிப் பேசப்படும். ஒருவரின் தவறு மற்றவர் அனைவருக்கும் பாடமாகும். இவ்வாறு பல நாள் சென்றபின், ஒருநாள் ஆசிரியர் தமது இருக்கையிலிருந்து இறங்கி மாணவரைத் தனியே அனுப்புவார்.

இக்கல்வியின் பயன் கிளைடரோடு நின்றுவிடுவதன்று. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடாவின் வானில், 41,000 அடி உயரத்தில் சென்ற பெரிய பயணிகள் விமானம் ஒன்றில் எரிபொருள் தீர்ந்தது. நிறையைக் கணக்கிட்டதில் கிலோகிராமுக்கும் இறாத்தலுக்கும் இடையே நேர்ந்த குழப்பமே அதற்குக் காரணம். எஞ்சின்கள் இரண்டும் ஓய்ந்தன. விமானியான றொபேட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிளைடர் மாணவர் கற்கும் பக்கவாட்டுச் சறுக்கல் முறையால் உயரத்தைக் குறைத்து, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத் திடலில் அவர் விமானத்தை இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

வாடைக்காற்றில் பட்டம் ஏற்றும் சிறுவன் இக்கல்வியின் தொடக்கத்தை அறியாதவன் அல்லன். முச்சையைச் சரியாகக் கட்டவும், வாலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கவும், காற்றின் போக்கைக் கயிற்றின் இழுவையால் உணரவும் அவன் பழகியிருக்கிறான். கயிற்றை எப்போது பற்றுவது, எப்போது விடுவது என்பதையும் மூத்தவர்கள் அவனுக்குச் சேர்த்துக் கற்பிப்பார்களாயின் அப்பழக்கம் நிறைவுபெறும்.