எல்லா ரயிலும் சானடோரியத்தில் நிற்குமா?

தாம்பரம் ரயில்களுக்காகப் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 'ரயில்' என்ற கிளாஸ், அதாவது அச்சு. அதிலேயே 'நிறுத்தங்கள்' என்ற காலி லிஸ்ட். அந்த அச்சில் வார்த்த ஆப்ஜெக்ட்கள் இரண்டு: மின்சார ரயில், பாண்டியன் எக்ஸ்பிரஸ். மின்சார ரயிலுக்கு மட்டும் சானடோரியம், குரோம்பேட்டை சேர்த்தேன். திரையில் பார்த்தால், மதுரை போகும் பாண்டியனும் அங்கெல்லாம் நிற்கிறது!

கிளாஸில் எழுதிய லிஸ்ட் ஒன்றே ஒன்றுதான். ஆப்ஜெக்ட் தன்னிடம் இல்லாததைக் கிளாஸில் போய்த் தேடும். 'அப்பெண்ட்' செய்தால் அந்தப் பொது லிஸ்டே மாறிவிடும். பிழைச் செய்தியும் வராது. (எனக்கு ஒரு மாலை முழுக்க வீண்!)

தண்டவாள அகலம் 1676 மி.மீ. இரண்டுக்கும் பொது, அது கிளாஸிலேயே இருக்கட்டும். நிறுத்தங்களை 'இனிட்' ஃபங்ஷனுக்குள் 'செல்ஃப்' சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு ரயிலும் உருவாகும்போதே அதற்கெனத் தனி லிஸ்ட் கிடைத்துவிடும்.