ஸ்கேன் பண்ணியாச்சு... பழைய ஃபைலை எடைக்குப் போடலாமா?

"2020-ல வாங்கின அந்த மெஷினோட பில் இருக்கா?"

ஆடிட்டரிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், பல சிறு நிறுவனங்களில் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்க வேண்டும். ரப்பர் பேண்ட் இற்றுப்போன கட்டுகளைப் பிரிக்க வேண்டும். பாதியைக் கரையான் தின்றிருக்கும். மீதியில் தேடிய பில் கிடைத்தாலும், அது தெர்மல் பேப்பராக இருந்தால் எழுத்து மறைந்து வெறும் வெள்ளைச் சீட்டாகத்தான் இருக்கும்.

இதில் போவது நேரம் மட்டுமல்ல. உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க கொள்முதல் பில் கையில் இருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 16-வது பிரிவு. பில்லைக் காட்ட முடியாவிட்டால், எடுத்த சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

வெள்ளம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி தொழிற்கூடங்களுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. நனைந்த மெஷினுக்கு இன்சூரன்ஸ் கேட்கலாம். ஆனால், அதற்கும் மெஷின் பில் வேண்டும். அந்த பில்லும் அதே அறையில்தான் நனைந்து கிடக்கும்.

எனவே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். முடித்ததும் வரும் அடுத்த கேள்வி: "அப்போ இந்தப் பேப்பரை எல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?"

சுருக்கமான பதில்: சிலவற்றை, உரிய காலம் முடிந்த பிறகு மட்டும்.

எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்?

ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உதாரணமாக, 2023-24 நிதியாண்டுக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது அந்த 72 மாதங்கள் வரை, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி என்றால், கம்பெனிகள் சட்டத்தின்படி கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஒரே பில்லுக்கு இரண்டு சட்டங்கள் பொருந்தினால், நீண்ட காலத்தையே கணக்கில் கொள்வது நல்லது.

ஸ்கேன் காப்பி சட்டப்படி செல்லுமா?

செல்லும், ஆனால் நிபந்தனைகளோடு. ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்திருக்க தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அனுமதிக்கிறது. பிறகு எடுத்துப் படிக்க முடிய வேண்டும், மூலத்தில் இருந்தது அப்படியே இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள்.

நீதிமன்றத்தில் கதை வேறு. தாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் முதல்நிலைச் சான்று. அதன் ஸ்கேன் இரண்டாம்நிலைச் சான்றுதான். மூலம் தொலைந்தது, அழிந்தது போன்ற காரணங்களைக் காட்டினால்தான் பொதுவாக நகல் ஏற்கப்படும். நாமே கிழித்துப் போட்டுவிட்டு நகலோடு போய் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்ய இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் கேட்கிறது. ஒன்றைத் தாக்கல் செய்பவர் தர வேண்டும், மற்றொன்றை நிபுணர் தர வேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

எதையெல்லாம் தூக்கிப் போடவே கூடாது?

* பத்திரங்கள், முத்திரைத்தாளில் போட்ட வாடகை மற்றும் பங்குதாரர் ஒப்பந்தங்கள்
* பிராமிசரி நோட்டு, பணம் வராமல் திரும்பிய காசோலை
* உயில், அறக்கட்டளைப் பத்திரம், பவர் ஆஃப் அட்டர்னி
* வழக்கிலோ வரி விசாரணையிலோ இருக்கும் எந்தக் காகிதமும்

இவற்றையும் ஸ்கேன் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் மூலம் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ பத்திரமாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. டிஜிட்டல் கையொப்பத்தோடு பிடிஎஃப்-ஆக வந்த பில்லை பிரிண்ட் எடுத்து ஃபைல் செய்துவிட்டு, மெயிலை அழித்துவிடுகிறார்கள். அங்கே மூலம் என்பதே அந்த பிடிஎஃப்தான். பிரிண்டில் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாது. மின்னணுவாக வந்ததை மின்னணுவாகவே வைத்திருக்க வேண்டும்.

எப்படி ஸ்கேன் பண்ணணும்?

தெர்மல் பில்லை வாங்கிய அன்றே ஸ்கேன் செய்வது நல்லது. பாதுகாக்கிறோம் என்று லேமினேட் செய்தால், அந்தச் சூட்டில் பில் முழுக்கக் கறுத்துவிடும்.

சாதாரண அலுவலகக் காகிதத்துக்கு 300 டிபிஐ போதும். பின்பக்கத்தில் சீலோ கையெழுத்தோ இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். நீண்ட காலம் வைக்க வேண்டியவற்றுக்கு பிடிஎஃப்/ஏ என்ற வடிவம் இருக்கிறது. எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பல வருடம் கழித்துத் திறந்தாலும் பக்கம் அதேபோலத் தெரியும்.

பெயர் வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 'ஸ்கேன்001' என்று ஆயிரம் கோப்புகள் இருந்தால், அது பரணைவிட மோசம். '2024-07-15, விற்பனையாளர் பெயர், பில் எண்' என்று ஆண்டை முதலில் போட்டால், கோப்புகள் தானாகவே தேதி வரிசையில் நிற்கும்.

மொபைல் ஆப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கேம்ஸ்கேனர் ஆப்பின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கான நிரல் இருப்பதை 2019-ல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டறிந்தது. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. ஆவணம் எந்த சர்வருக்குப் போகிறது என்று பார்த்த பிறகே ஒரு ஆப்பை நம்பலாம்.

எங்கே சேமிக்கலாம்?

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒரு பிரதி வேறு இடத்தில். இதுதான் '3-2-1' விதி. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று இருந்தால் கணக்கு சரி.

கிளவுட் டிரைவோடு 'சிங்க்' ஆவது மட்டுமே பேக்கப் ஆகிவிடாது. ரான்சம்வேர் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே கிளவுடுக்கும் போய்ச் சேரும். அதனால் ஹார்ட் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில கோப்புகளைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்தாலும் கணக்குகளை மீட்டெடுக்கும்படி பேக்கப் வேண்டும் என்கின்றன ஜிஎஸ்டி விதிகள். கம்பெனிகளின் மின்னணுக் கணக்குகளுக்கு, இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் கட்டாயம்.

வெளியாளிடம் கொடுக்கலாமா?

லட்சக்கணக்கான பக்கங்கள் இருந்தால் வேறு வழியில்லை. பெட்டிகளுக்கு பார்கோடு ஒட்டி, ஸ்கேன் செய்து, கிடங்கில் வைத்துப் பாதுகாக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை: கொடுத்த பக்கமும் ஸ்கேன் ஆன பக்கமும் எண்ணிக்கையில் ஒத்துப்போகிறதா என்று யார் பார்ப்பார்கள்? கோப்புகளை யாரெல்லாம் திறக்க முடியும்? கிடங்கு தாழ்வான பகுதியில் இருக்கிறதா? ஒப்பந்தம் முடிந்தால் கோப்புகளை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள்?

சரி, காலம் முடிஞ்சதும் எடைக்குப் போடலாமா?

காலம் முடிந்த காகிதத்தை அழிக்கலாம். ஆனால் எடைக்குப் போடக் கூடாது. வாடிக்கையாளரின் ஆதார் நகலும் ஊழியரின் பான் கார்டு நகலும் பழைய பேப்பர் கடை வழியாக பஜ்ஜி மடிக்கப் போய்விடும். துண்டு துண்டாக வெட்டும் ஷ்ரெடரில் போட்டு, எந்தத் தேதியில் எதை அழித்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பதே சரி.

ஸ்கேன் செய்த கோப்புக்கும் இது பொருந்தும். தாளில் வாங்கிய தனிப்பட்ட விவரத்தைப் பிறகு டிஜிட்டலாக மாற்றினால், அதற்கும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 பொருந்தும். முக்கியக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் இந்தச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. தேவை முடிந்து, வேறு சட்டமும் வைத்திருக்கச் சொல்லாத விவரத்தை அழித்துவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஆக, ஸ்கேனரை ஆன் செய்வதற்கு முன் ஒரு பட்டியல் போட வேண்டும். எந்தக் காகிதம், எத்தனை வருஷம், மூலம் வேண்டுமா வேண்டாமா என்று மூன்றே பத்திகள். ஆடிட்டரோடு அரை நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். அடுத்த முறை "அந்த பில் இருக்கா?" என்று போன் வரும்போது, பரணில் ஏற வேண்டியிருக்காது.