பதினேழு வினாக்களும் ஏழு புத்தகங்களும்

மகனையோ மகளையோ மருத்துவராகக் காண வேண்டும் என்னும் ஆசை குடிபுகாத இல்லம் இன்று நம் சிற்றூர்களில் குறைவு. அதை வீண் ஆசை என்று நாம் சொல்லமாட்டோம். பெண்கள் படிப்பதையே ஊரார் பழித்த காலத்தில், 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். அவர் பிறந்த நகரிலேயே 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவருக்கு ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டமும் 2020இல் வந்தது. ஆயினும் இடங்கள் சில, ஏங்குவோர் பலர். இங்கே இடம் கிட்டாதவர்களுள் ஒரு பகுதியினர் ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா என்று கடல் கடந்து சென்று படித்துத் திரும்புகின்றனர்.

திரும்பியவுடன் மருத்துவராகிவிட முடியாது. 2002 முதல் அவர்களுக்கென்று ஒரு தகுதித் தேர்வு நடைபெற்று வருகிறது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு என்பது அதன் பெயர், பிள்ளைகள் எஃப்.எம்.ஜி.இ. என்பர். முந்நூறு வினாக்கள், நூற்றைம்பது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கேட்க எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? அண்மை ஆண்டுகளில் பலமுறை, எழுதியவருள் ஐவரில் ஒருவர் அளவிலேயே தேறியுள்ளனர். மற்ற நால்வர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாம் ஒரு வீட்டில் கண்டோம்.

ஆலங்குடிப் பக்கத்துக் குடும்பம் அது. தந்தைக்குத் தென்னந்தோப்பு இருந்தது. மகள் ரஷ்யாவில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2018 நவம்பரில் கஜா புயல் அந்தத் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. எஞ்சிய நிலத்தை அடகு வைத்துத்தான் படிப்பை முடிக்கச் செய்தார்கள். மகள் திரும்பிவந்து தேர்வு எழுதினாள். பன்னிரண்டு மதிப்பெண் குறைந்து தோற்றாள். சில மாதங்கள் கழித்து ஒரு மாலை, தாயும் மகளும் நம்மைக் காண வந்தார்கள். தாயின் கையில் ஒரு கடன் விண்ணப்பம் இருந்தது.

“சாமி, இன்னொரு வகுப்புல சேரணுமாம். சங்கத்துல கடன் கேட்டிருக்கோம். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா தருவாங்க” என்றார் தாய்.

எந்தப் பாடத்துக்கு வகுப்பு என்று மகளிடம் கேட்டோம். “மூலக்கூறு உயிரியல், ஃபாதர். அதுதான் எனக்கு வரவே மாட்டேங்குது” என்றாள். ஏற்கெனவே என்னென்ன புத்தகங்கள் உள்ளன என்று கேட்டோம். மறுநாள் வீட்டுக்குச் சென்றபோது கயிற்றுக் கட்டிலின்மீது ஏழு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஹார்ப்பர், லிப்பின்காட், வாசுதேவன், சத்தியநாராயணா ஆகியோர் பெயர்களால் வழங்கும் உயிர் வேதியியல் நூல்கள் நான்கு. ஆல்பர்ட்ஸ் முதலானோர் எழுதிய உயிரணு மூலக்கூறு உயிரியல் பெருநூல். அமெரிக்க உரிமத் தேர்வுக்கான ‘ஃபர்ஸ்ட் எய்டு’ என்னும் சுருக்க நூல். ஏழாவதாக யாரோ ஒரு மாணவர் எழுதிய குறிப்புகளின் நகல். இவற்றோடு கைப்பேசி வழிப் பாடங்களுக்குக் கட்டிய சந்தா வேறு. ஏழில் எதிலும் ஐம்பது பக்கத்துக்குமேல் அடிக்கோடு இல்லை.

நாமும் குருமடத்தில் படித்த காலத்தில் மெய்யியல் தேர்வுக்கு மூன்று பேருடைய குறிப்புகளை இரவல் வாங்கி, மூன்றையும் முடிக்காமல் தோற்றவர்தாம். ஆகவே அந்தக் கட்டிலைக் கண்டதும் நமக்குப் பழைய வெட்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆனால் நமக்கு மருத்துவம் தெரியாது. தெரியாததைப் பற்றி ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் புத்தி சொல்வது பாவம். எனவே கடன் விண்ணப்பத்தில் ஒப்பமிடாமல், திருச்சியில் வாழும் ஓய்வுபெற்ற உயிர் வேதியியல் பேராசிரியரான நம் நண்பரிடம் இருவரையும் பேருந்தில் அழைத்துச் சென்றோம்.

வெள்ளைத்தாள் ஒன்று

பேராசிரியர் முதலில் கணக்குப் போட்டார். முந்நூறு வினாக்களில் உயிர் வேதியியலுக்குப் பதினேழு. மூலக்கூறு உயிரியல் அந்தப் பதினேழுக்குள் ஒரு பகுதி. சமூக மருத்துவத்துக்கோ முப்பது, மகப்பேறு மருத்துவத்துக்கு முப்பது, பொது மருத்துவத்துக்கு முப்பத்து மூன்று. “சென்ற தடவை பன்னிரண்டு மதிப்பெண் எங்கே போச்சுன்னு பார்த்தியாம்மா?” என்று கேட்டார். அவள் பார்க்கவில்லை. எந்தப் பாடத்துக்கு அதிகம் அஞ்சினாளோ அதிலேதான் எல்லாம் போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அச்சமும் குறையும் ஒன்றல்ல. அவளுக்கு நினைவில் நின்ற வினாக்களை இருவரும் பேசிப் பார்த்தபோது, தடுப்பூசி அட்டவணையிலும் குடிநீர்ப் பாதுகாப்பிலும் பல தவறியது தெரியவந்தது. ஆறு வாரம் ஹார்ப்பரோடு போராடியவள் அவற்றைத் தொட்டதே இல்லை!

அப்படியானால் மூலக்கூறு உயிரியலைக் கைவிட்டுவிடலாமா என்று தாய் கேட்டார். நல்ல கேள்வி. பேராசிரியர் விடை சொல்லாமல் ஒரு வெள்ளைத்தாளை மகளிடம் நீட்டினார். டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்னும் வழியைப் புத்தகம் பாராமல் வரை. ஒவ்வொரு படியின் பக்கத்திலும் ஒரு மருந்து, ஒரு நோய், ஒரு பரிசோதனை எழுது என்றார். அவள் வழியை வரைந்தாள். மருந்து என்று வந்தவுடன் எழுதுகோல் நின்றுவிட்டது.

பிறகு அவர் பேசிய அரைமணி நேரத்தை நாம் மறக்கமாட்டோம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் எங்கே வேலை செய்கிறது? கிருமியின் டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ.யை எழுதும் நொதியை அது தடுத்து நிறுத்துகிறது. அந்த நொதியின் மரபணுவில் மாற்றம் வந்தால் மருந்து பலிக்காது. அம்மாற்றத்தைத்தான் அரசு மருத்துவமனைகளில் சளியை வைத்துப் பார்க்கும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனை கண்டுபிடிக்கிறது. அந்த மாத்திரையைத் தின்றவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் போகிறதென்று அஞ்சி மாத்திரையை நிறுத்திய ஒருவரை நம் பங்கிலேயே நாம் அறிவோம். இப்படி ஒரே செய்தி உயிர் வேதியியலிலும், நுண்ணுயிரியலிலும், மருந்தியலிலும், மார்பு நோயிலும் வினாவாகிறது. அதாவது, மூலக்கூறு உயிரியலுக்கு மதிப்பெண் சிலவே. ஆனால் அது கிணற்றடி ஊற்றுப்போல் மற்றப் பாடங்களுக்குள் கசிகிறது. விட்டுவிடவும் கூடாது, அதிலேயே மூழ்கிவிடவும் கூடாது.

புரதம் கட்டப்படும் இடம் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். அந்த ரைபோசோமின் சிறு பகுதியைப் பிடிப்பவை டெட்ராசைக்கிளினும் ஸ்ட்ரெப்டோமைசினும். பெரும் பகுதியைப் பிடிப்பவை குளோரம்பெனிக்காலும் எரித்ரோமைசினும். “நம்ம வேலியில படர்ற குன்றிமணி என்ன செய்யும்?” என்று பேராசிரியர் திடீரெனக் கேட்டார். அதன் விதையிலுள்ள ஏப்ரின் என்னும் நஞ்சும், ஆமணக்கு விதையிலுள்ள ரைசினும் மனித உயிரணுவின் ரைபோசோமையே செயலிழக்கச் செய்கின்றன. விதையை முழுதாக விழுங்கினால் கெட்டியான தோல் காக்கலாம், மென்றுவிட்டால் ஆபத்து. இது சட்ட மருத்துவத்தின் வினா. அதற்குப் பத்து மதிப்பெண். தாய் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எந்த நூல்?

நூல்களைப் பற்றி அவர் சொன்னதைப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்க வேண்டும். ஆல்பர்ட்ஸ் நூல் 1983இல் முதற்பதிப்புக் கண்ட அரிய நூல். ஆனால் ஆராய்ச்சிக்குச் செல்வோருக்கு உரியது. தேர்வுக்கென்று அதை வாங்குவது, கீரைப்பாத்திக்குத் தண்ணீர் இறைக்க ஆற்றைத் திருப்புவதாகும். ஹார்ப்பர் 1939 முதல் வழங்கிவரும் பெருநூல். ஐயம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். ஆறு மாதத்தில் முதலிலிருந்து கடைசிவரை படிக்க அது ஏற்றதன்று. லிப்பின்காட் படங்களால் விளக்குவது. பாட முடிவில் வினாக்களும் உண்டு. வாசுதேவனும் சத்தியநாராயணாவும் இந்திய மாணவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் தேர்வும் இந்திய மருத்துவப் பாடத்திட்டத்தையே தழுவியது. ‘ஃபர்ஸ்ட் எய்டு’ என்பது தெரிந்தவனுக்கு நினைவூட்டும் பட்டியல். தெரியாதவனுக்கு அது வெறும் சொற்குவியல்.

இவற்றுள் எது என்று அவர் தாமே தீர்ப்புச் சொல்லவில்லை. லிப்பின்காட், வாசுதேவன், சத்தியநாராயணா மூன்றிலும் புரத உருவாக்கம் பற்றிய பாடத்தை எடு. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் படி. மூடிவிட்டு அதை உன் அம்மாவுக்குத் தமிழில் சொல். எதைப் படித்தபின் சொல்ல முடிகிறதோ அதுவே உன் நூல் என்றார். மூன்றாவது முயற்சியில்தான் அவளுக்குச் சொல்ல வந்தது, அது வாசுதேவன். இன்னொரு பிள்ளைக்கு வேறொன்று பொருந்தலாம்.

தமிழில் சொல்லச் சொன்னது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களும் ஆக்கினார். ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. இன்று தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. அதை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் அயல்நாட்டு ஆசிரியரின் தடுமாறும் ஆங்கிலத்தில் அரைகுறையாகக் கேட்ட பாடத்தை, மீண்டும் ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்வதால் தெளிவு பிறக்குமா? விளங்கிக்கொள்வது தாய்மொழியிலும் விடையளிப்பது ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

புதிய பதிப்பு வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. தேர்வுக்கு வேண்டிய அடிப்படை மாறவில்லை. பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால் அரிவாள் செல் சோகை என்பது எந்தப் பதிப்பிலும் இருக்கும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் நோய் அது. அந்நோய்க்கே மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன என்பது பழைய பதிப்பில் இராது. அத்தகைய சில செய்திகளை நண்பரின் நூலைப் பார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். அதற்காக மூவாயிரம் ரூபாய் செலவிட வேண்டியதில்லை.

வினாத்தொகுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். அதைப் பாடம் முடிந்தபின் திறப்பதைவிட, பாடத்தோடு திறப்பதே நன்று என்றார். தவறிய விடைகளை ஒரு நோட்டில் எழுதி, ஞாயிறுதோறும் புரட்ட வேண்டும். கைப்பேசிப் பாடம் ஒன்று போதும். பார்த்துக்கொண்டே இருப்பது படித்ததுபோல் மயக்கும். நிறுத்திவிட்டு வெள்ளைத்தாளை எடுப்பவருக்கே பயன். தேர்வு வினாக்கள் முன்கூட்டியே கிடைக்கும் என்று பணம் கேட்பவர்களைப் பற்றித் தேர்வு வாரியமே எச்சரித்துள்ளது. அடகு வைத்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள்.

இந்தியாவில் படிப்போரும் ‘நம் பிள்ளைக்கு இது வேண்டாம்’ என்று இருந்துவிடல் ஆகாது. எல்லா மருத்துவ மாணவருக்கும் பொதுவான நெக்ஸ்ட் என்னும் இறுதித் தேர்வுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது; நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.

பேருந்தில் திரும்பும்போது தாய் கடன் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெற்றோரிடம் ஒரு சொல். “ஏன் இன்னும் தேறவில்லை?” என்று உறவினர் கேட்கும்போது பதில் சொல்வது உங்கள் வேலை, பிள்ளையின் வேலையன்று. இந்தத் தந்தை அதைச் செய்தார். கல்யாணப் பேச்சோடு வந்த ஒரு பெரியவரிடம், “தேர்வு முடியட்டும் மாமா” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

கட்டிலின்மேல் இப்போது மூன்றுதான் உள்ளன: வாசுதேவன், வினாத்தொகுப்பு, தவறுகளை எழுதும் நோட்டு. ஆல்பர்ட்ஸ் நூலைப் பாதி விலைக்கு விற்றாகிவிட்டது. ஹார்ப்பரைப் புதுக்கோட்டையில் படிக்கும் ஒரு மாணவனுக்கு இரவல் கொடுத்திருக்கிறாள். காலையில் சமூக மருத்துவம், மாலையில் மற்றவை, இரவில் அரைமணி நேரம் வெள்ளைத்தாள் என்று நாள் போகிறது. அடுத்த தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

சென்ற வாரம் அவ்வழியே போனபோது வேலி வெறிச்சென்றிருந்தது. குன்றிமணிக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டதாகத் தாய் சொன்னார். மூத்த மகளின் குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறதாம்.