மாணவர் கழகத்தில் நம் பிள்ளைகள் சேரலாமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த பிள்ளையைச் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ உள்ள சமூகக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர் பலர், புறப்படும் நாளிலேயே ஓர் எச்சரிக்கையும் சேர்த்து அனுப்புகின்றனர். “படிக்கப் போகிறாய்; படித்துவிட்டு வா. சங்கம், கழகம் என்று எதிலும் தலையிடாதே” என்பதே அது. பாலிங், கூப்பாங், கோல கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் இவ்வெச்சரிக்கை சற்று அழுத்தமாகவே ஒலிக்கும். மூத்தவர்கள் காரணமின்றி அஞ்சுபவர்கள் அல்லர். அவர்களுடைய அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

பள்ளிப் பாடநூலில் பாலிங் என்னும் பெயர், 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் சந்தித்துப் பேசிய ஊராக வரும். மாணவர் கழகங்களின் வரலாற்றிலோ இவ்வூர் வேறொரு காரணத்தால் இடம் பெற்றது. 1974 ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தது. அரிசி முதலான அன்றாடப் பண்டங்களின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. சில ஏக்கர் நிலத்தில் பால் வெட்டிப் பிழைத்த சிறுதோட்டக்காரர்கள் அவ்வாண்டு நவம்பரில் பாலிங்கில் திரண்டு தங்கள் குறையை முறையிட்டனர். டிசம்பர் முதல் நாளன்று கூடியோர் பல்லாயிரவர். அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3 ஆம் நாள் கோலாலம்பூரில், சிலாங்கூர் கிளப் திடலில் மாணவர்கள் கூடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். அக்காலத்து இளைஞர் தலைவர் சிலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய அன்வார் இப்ராஹிம், 2022 நவம்பரில் நாட்டின் பத்தாவது பிரதமரானார்.

பல்கலைக்கழக மாணவர் அமைப்புகளை ஒழுங்குபடுத்த 1971 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1974 நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், 1975 ஆம் ஆண்டில் அது இறுக்கப்பட்டது. அரசியல் கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் மாணவர்கள் தொடர்பு கொள்வது தடுக்கப்பட்டது. மறு ஆண்டு, பல்கலைக்கழகமல்லாத பிற கல்லூரிகளுக்கென 1976 ஆம் ஆண்டுக் கல்வி நிலையங்கள் (ஒழுங்கு) சட்டம் வந்தது. 174 ஆம் சட்டம் எனப்படுவது இதுவே. 2001 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சமூகக் கல்லூரிகளும் இச்சட்டத்திற்கு உட்பட்டவையே. ஆக, பாலிங் ரப்பர் மரத்தடியில் எழுந்த ஒரு முறையீட்டின் நிழல், இன்று கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளையின் மேலும் சிறிதளவு விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

எனினும், அன்றிருந்த நிலை இன்றில்லை என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். 2011 அக்டோபர் 31 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பல்கலைக்கழக மாணவர் நால்வர் தொடுத்த வழக்கில், கட்சி ஆதரவைத் தடுத்த விதி அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2012 இல் சட்டங்கள் தளர்த்தப்பட்டன. 2018 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தங்கள், கல்லூரி வளாகத்திற்குள் அரசியல் நடவடிக்கை கூடாதெனும் விதியையும் நீக்கின. 174 ஆம் சட்டமும் அவ்வாறு திருத்தப்பட்டவற்றுள் ஒன்று. இவையெல்லாம் அரசியலில் நாட்டமுள்ள சிலரைப் பற்றிய செய்திகள். தமிழ் மொழிக் கழகத்திலோ, பூப்பந்துக் குழுவிலோ, சமையற்கலை மன்றத்திலோ சேரும் பிள்ளைக்கு அன்றும் தடையில்லை, இன்றும் தடையில்லை. கல்லூரியின் ஒப்புதலோடு நடைபெறும் கழகத்தில் சேர்வதால் எவர் மீதும் எந்தக் கறையும் படியாது. “போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும்” என்று தோட்டத்துக் கடையில் பேசுவோரின் சொல்லை நம்பி ஒரு பிள்ளையின் வாய்ப்பைத் தடுத்துவிடுதல் வருந்தத்தக்கது.

வாய்ப்பு என்று ஏன் சொல்கிறோம்? தோட்ட வாழ்வில் வளர்ந்த பிள்ளை எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கும் என எண்ணிப் பாருங்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுப்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். பிறகு கங்காணி சொல்வதைக் கேட்டு நிரைக்குப் போய்விடுகிறோம். கோயில் திருவிழாக் கூட்டத்திலும் பெரியவர்களே பேசுவர். இளையவர்கள் பின்னால் நிற்பர். இப்படிக் கேட்டே பழகிய பிள்ளை, கல்லூரியில் மின் இணைப்பு வேலையையும் வாகனப் பழுதுபார்ப்பையும் செம்மையாகக் கற்றுக்கொள்கிறது. ஆனால் வேலைக்கான நேர்முகத்தில், “உன்னைப் பற்றிச் சொல்” என்றதும் வாயடைத்துப் போகிறது. கைத்தொழில் தெரிந்தும் வேலை கைநழுவிப் போவது இவ்விடத்திலேதான். கூட்டத்திற்குத் தலைமை தாங்குதல், கூட்டக் குறிப்பு எழுதுதல், வரவு செலவு காட்டுதல், மாற்றுக் கருத்துடையவரோடு சண்டையிடாமல் பேசித் தீர்த்தல் ஆகியவற்றைப் பாட வேளையில் எவரும் கற்றுத் தருவதில்லை. கழகம் கற்றுத் தருகிறது. இன்னொன்றையும் கூற வேண்டும். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசையிலும், மலாய், சீனப் பிள்ளைகள் வேறு வேறு மேசைகளிலும் அமர்வதைக் காணலாம். விருந்துக்கு நாற்காலி சுமக்கும்போதும் விளையாட்டுப் போட்டிக்குக் கோடு கிழிக்கும்போதும் அந்த மேசைகள் தாமாகவே கலந்துவிடுகின்றன. மலாய் மொழியில் தயங்காமல் பேசும் பழக்கமும் அங்கேதான் வருகிறது.

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியே அரசாங்கப் பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் பிள்ளைகளுக்கு மற்றுமொரு செய்தி. பட்டப்படிப்புக்கான தகுதிப் புள்ளி கணக்கிடப்படும்போது 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் என வகுக்கப்பட்டுள்ளது. ஓரிரு புள்ளிகளில் இடம் தவறுவோருக்கு இந்தப் பத்து எத்துணை மதிப்புடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கழகம் அமைப்பது நம்மவருக்குப் புதிதன்று. 1946, 1947 ஆம் ஆண்டுகளில் இதே கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பார் முன்னின்று தொண்டர் படை அமைத்தார். தோட்டத்து இளைஞர்கள் ஒன்று திரண்டு கள்ளுக் கடைக்கு எதிராக நின்றனர். அது மோதல்களில் சிக்கி ஒடுங்கிற்று. ஆனால் எழுத்தறிவு குறைந்த அக்காலத்திலேயே நம் பாட்டாளிகளுக்கு அமைப்பாக இயங்கும் ஆற்றல் இருந்தது என்பதற்கு அது சான்று. பின்னர், 1950 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி மாணவர் மணிமன்றத்தைத் தோற்றுவித்தார். ஒரு செய்தித்தாளின் பக்கத்தில் தொடங்கிய மன்றம் அது! மலாயா, சிங்கப்பூர் எங்கணும் தமிழ் பயின்ற பிள்ளைகள் அதில் எழுதினர். இந்நாட்டின் தமிழ் எழுத்தாளர் பலர் முதன்முதலில் தம் பெயரை அச்சில் கண்டது அங்கேதான். அந்த ஊக்கத்திலிருந்து கிளைத்தவையே பிற்காலத்துத் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள். இவ்விதழைப் படிக்கும் தாத்தா, பாட்டிமார் சிலரும் மணிமன்ற உறுப்பினராக இருந்திருக்கக்கூடும். பேரப்பிள்ளைகள் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, சேர்வது எவ்வாறு என்பதைக் காண்போம். இதில் சிக்கல் ஏதுமில்லை. புதிய மாணவர்க்கான அறிமுக வாரத்திலேயே கல்லூரியில் என்னென்ன கழகங்கள் உள்ளன என்பது பெரும்பாலும் அறிவிக்கப்படும். தவறவிட்டவர்கள் மாணவர் விவகாரப் பிரிவில் கேட்டறியலாம். ஒரே வேளையில் நான்கு கழகங்களில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றிலும் தலைகாட்டாமல் இருப்பதைவிட, ஒன்றில் சேர்ந்து ஒழுங்காகச் செல்வது மேல். முதற்பருவத்திலேயே பதவி வேண்டும் என்று துடிக்க வேண்டியதில்லை. துணைச் செயலாளருக்கு உதவியாக இருந்து கூட்டக் குறிப்பு எழுதப் பழகினாலே போதும். எவர் குறிப்பு எழுதுகிறாரோ அவருக்கே கழகத்தின் நடப்பு முழுதும் தெரியும்.

தாம் விரும்பும் கழகம் கல்லூரியில் இல்லையெனில் புதிதாகத் தொடங்கலாம். அதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். முதலில் ஒத்த எண்ணமுடைய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, எதற்காக இக்கழகம் என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுத வேண்டும். அதை எழுத முடியாவிட்டால் கழகம் இன்னும் கனியவில்லை என்று பொருள். அடுத்து, ஆலோசகராக இருக்க இசையும் விரிவுரையாளர் ஒருவரை நாட வேண்டும். பிறகு சட்டதிட்டங்களை வரைய வேண்டும். கழகத்தின் பெயர், நோக்கம், உறுப்பினர் தகுதி, செயலவையின் அமைப்பு, தேர்தல் முறை, பணத்தைக் கையாளும் முறை, கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும் என்பன அதில் அடங்கும். இவற்றோடு மாணவர் விவகாரப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது எத்தனை உறுப்பினர் வேண்டும், எந்தப் படிவம், எப்போது முடிவு தெரியும் என்பவற்றைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்க. பிற கல்லூரியில் பயிலும் நண்பர் சொல்வதை அப்படியே பின்பற்றலாகாது. ஒப்புதல் கிடைக்கும்வரை கல்லூரியின் பெயரையோ சின்னத்தையோ போட்டு அறிக்கை ஒட்டுதல் கூடாது. மாணவரல்லாத தோட்டத்து இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு வெளியே மன்றம் அமைக்க எண்ணினால் அதற்கு வழி வேறு. அது 1966 ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழோ, 2007 ஆம் ஆண்டு இளைஞர் அமைப்புகள் சட்டத்தின் கீழோ பதிவு பெற வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. மாணவர் கழகங்கள் கருத்து வேற்றுமையால் உடைவதைக் காட்டிலும், சில வெள்ளிகளுக்குக் கணக்கு இல்லாமையால் உடைவதே அதிகம். களவு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. தீபாவளி விருந்துக்குப் பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு தொலைந்திருக்கும்; பொருளாளர் தம் பையிலிருந்த சொந்தப் பணத்தோடு கழகப் பணத்தையும் கலந்திருப்பார்; மாத இறுதியில் கூட்டிப் பார்த்தால் ஐம்பது வெள்ளி குறையும். நட்பும் முறியும், கழகமும் கலையும். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நாம் தராசைக் கண்கொட்டாமல் பார்க்கிறோம். கிராணியை ஐயுறுவதால் அன்று; கணக்கு இரு தரப்புக்கும் தெரிய வேண்டும் என்பதால்தான். கழகக் கணக்கிலும் அந்தப் பழக்கம் வேண்டும். வாங்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் பற்றுச்சீட்டு, செலவுக்கு இருவர் கையொப்பம், ஒவ்வொரு கூட்டத்திலும் கையிருப்பை உரக்கப் படித்தல் ஆகியவை இருந்தால் வேறு பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நன்கொடை திரட்டுமுன் கல்லூரியின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்றாக வேண்டும். நன்கொடைப் புத்தகத்தோடு லயத்துக்கு வரும் மாணவரிடம் அக்கடிதத்தைக் கேட்பது அவமதிப்பாகாது. பொறுப்புள்ள மாணவன் அதைத் தானே முதலில் எடுத்துக் காட்டுவான்.

சமூகக் கல்லூரிக் கழகங்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சான்றிதழ்ப் படிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். இறுதியில் தொழிற்கூடப் பயிற்சிக்காக மாணவர்கள் வெளியே சென்றுவிடுவர். தலைவர் வேலை பழகி முடிப்பதற்குள் விடைபெறும் நாள் வந்துவிடுகிறது. ஆகவே, ஒவ்வொரு பொறுப்பாளரும் கீழ்ப் பருவத்து மாணவர் ஒருவரைத் துணையாக வைத்துப் பழக்க வேண்டும். கோப்பு, கணக்குப் புத்தகம், முத்திரை எல்லாம் கல்லூரியிலேயே இருக்க வேண்டும். ஒருவர் பையில் ஏறி அவரோடு ஊருக்குப் போய்விட்ட கோப்பினால் அழிந்த கழகங்களின் எண்ணிக்கை சிறிதன்று!

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் கவலை இயல்பானது. பாலிங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மாலைக் கூட்டம் நீண்டால் பேருந்து தவறிவிடும். இதற்காகக் கழகமே வேண்டாம் எனத் தடுப்பதைவிட, கூட்டத்தை நண்பகல் ஓய்வு வேளைக்கு மாற்றும்படி பிள்ளையையே கழகத்தில் முன்மொழியச் சொல்லலாம். வெளியூர் மாணவர் பலர் உள்ள இடத்தில் இது நியாயமான கோரிக்கை. வாக்கெடுப்பில் வெல்லவும் கூடும். அதுவே அப்பிள்ளை எழுந்து பேசும் முதல் பேச்சாகவும் அமையலாம்.

பிள்ளை கழகத்தில் சேரப்போவதாகச் சொன்னால், கழகத்தின் பெயர், ஆலோசகராகிய விரிவுரையாளரின் பெயர், கூட்டம் நடைபெறும் கிழமை, முடியும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் கல்லூரிக்கே சென்று கேட்கலாம். சமூகக் கல்லூரிகளில் பொதுமக்களுக்கான குறுகியகாலப் பயிற்சிகளும் நடைபெறுகின்றன. தையல், கேக் செய்தல் போன்ற பயிற்சிக்காக ஒரு சனிக்கிழமை அங்கே செல்லும் தாய், தம் பிள்ளையின் கழக அறிவிப்புப் பலகையையும் நேரில் பார்த்து வரலாம்.