காதுக்கு மரியாதை!

ராத்திரி பதினொன்றரை மணி. அம்மா தூங்கியாச்சு. ப்ளஸ் டூ படிக்கிற பாப்பா புக் மேலேயே சாய்ஞ்சு தூங்கியாச்சு. மெதுவா பெட்டியைத் திறந்து, புது ஹெட்போனை (செகண்ட் ஹேண்ட்தான், ஆனா எனக்குப் புதுசு!) எடுத்து மாட்டி, போன்ல சொருகி, ப்ளே பட்டனை அழுத்தறேன். அப்படியே இசை மழையில நனையப் போறோம்னு கண்ணை மூடிக்கிட்டா...

பக்கத்து ஊர் கோயில் திருவிழாவுல ஸ்பீக்கர் கட்டினா நம்ம ஊருக்கு எப்படிக் கேட்கும்? அப்படிக் கேட்குது. வால்யூம் ஃபுல் வெச்சாச்சு. அப்பவும் பக்கத்து ஊர்தான்!

ஸ்காலர்ஷிப்ல மிச்சம் பிடிச்சது, ஒரு வருஷம் டியூஷன் எடுத்தது எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் பாஸ். கொடுத்த சீனியர் மேல தப்பே இல்லை. 'இது 250 ஓம், தெரியும்ல?'னு அவர் கேட்டார். நான்தான், 'ஓ, தெரியுமே!'னு பெரிய பருப்பு மாதிரி தலையாட்டினேன். படிக்கிறது ஈ.சி.இ. மூன்றாம் வருஷம். ஓம்ஸ் லா எழுதி மார்க் வாங்கினது, பிராக்டிகல் வைவாவுல அலப்பறை பண்ணது எல்லாம் அன்னிக்கு ராத்திரி கண்ணு முன்னாடி வந்து கைகொட்டிச் சிரிச்சது.

நீங்களாவது அந்த அசடு வழியற நிலைமைக்கு ஆளாகக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

மேட்டர் ரொம்ப சிம்பிள். ஹெட்போன் பெட்டியில ரெண்டு நம்பர் சின்ன எழுத்துல இருக்கும். ஒண்ணு இம்பீடன்ஸ், ஓம் கணக்குல. இன்னொண்ணு சென்சிட்டிவிட்டி, ஒரு மில்லிவாட் கொடுத்தா எத்தனை டெசிபல் சத்தம் வரும்ங்கற கணக்கு. நம்மில் பலர் இந்த ரெண்டையும் விட்டுட்டு, 'டீப் பாஸ்'னு தங்க எழுத்துல போட்டிருக்கிறதைப் படிச்சுட்டு வாங்கிடறோம்.

சாதாரண போன்ல 3.5 மி.மீ. துளையில அரை வோல்ட் வருதுன்னு வெச்சுக்குவோம். வோல்டேஜை வர்க்கம் பண்ணி ஓமால வகுத்தா பவர். 250 ஓம் ஹெட்போனுக்குக் கிடைக்கிறது சரியா ஒரே ஒரு மில்லிவாட். அதே போன்ல 32 ஓம் ஹெட்போனைச் சொருகினா கிட்டத்தட்ட 8 மில்லிவாட். சென்சிட்டிவிட்டி ரெண்டுக்கும் ஒண்ணா இருந்தா, 9 டெசிபல் வித்தியாசம். அதுவும் பாட்டோட உச்சத்துல வர்ற சத்தத்துக்குத்தான் இந்தக் கணக்கு. சராசரி சத்தம் அதைவிட நல்லாவே இறங்கி இருக்கும். மெதுவா ரெக்கார்ட் பண்ணின பழைய ஆல்பம்னா... பக்கத்து ஊர் திருவிழாதான்!

அப்ப 250 ஓம், 300 ஓம்லாம் எதுக்குச் செய்யறாங்க? வீட்டுல மேஜை மேல ஒரு ஆம்ப்ளிஃபயர் வெச்சு, நாற்காலியில சாய்ஞ்சு கேட்கிற ஜாதி அது. சென்ஹைசர் எச்டி 600 கேள்விப்பட்டிருப்பீங்க. 1997-ல வந்தது, 300 ஓம். இன்னிக்கும் விக்கிறாங்க, இன்னிக்கும் அதோட பேடு, கேபிள்னு தனித்தனியா வாங்கி மாட்டிக்கலாம். நம்மில் முக்கால்வாசிப் பேரைவிட வயசுல பெரிய அண்ணன் அது. பேட்டரி செத்ததும் கூடவே செத்துப்போற வயர்லெஸ் பட்ஸை நினைச்சுப் பாருங்க. அதுக்காக ப்ளூடூத்தைக் குறை சொல்லலை. பஸ்ல, ஜிம்ல அதுதான் ராஜா. வீட்டுல உட்கார்ந்த இடத்துல கேட்கிறதுக்கு ஒரு வயர் என்ன பாவம் பண்ணுச்சு?

என் கேஸுக்கு மருந்து ரொம்பச் சின்னது. சுண்டு விரல் நீளத்துல ஒரு டாங்கிள். 2016-ல ஐபோன் 7-ல ஆப்பிள் காது துளையை எடுத்தப்போ உலகமே திட்டித் தீர்த்துச்சே, அதோட விளைவா பொறந்த நல்ல விஷயம் இந்த டாங்கிள்தான். டிஜிட்டலை ஒலியா மாத்தற டிஏசி சிப்பும், குட்டி ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும். 2 வோல்ட் தர்ற டாங்கிள்னா என் 250 ஓமுக்கு 16 மில்லிவாட். போன்ல வந்ததைவிட 12 டெசிபல் கூட. திருவிழா நம்ம தெருவுக்கே வந்துடுச்சு! வாங்கறப்போ ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: 'டிஏசி உள்ளே இருக்கா?' நூறு ரூபாய்க்கு விக்கிற சிலதுல சும்மா வயர் மட்டும்தான் இருக்கும். பல போன்ல அது மூச்சே விடாது.

ஃபேன் ஓடுற வீடா உங்க வீடு?

எச்டி 600, என் ஹெட்போன் எல்லாம் 'ஓப்பன் பேக்' ரகம். காதுக் கிண்ணத்தோட பின்பக்கம் மூடாம, சல்லடை மாதிரி திறந்திருக்கும். 1968-ல சென்ஹைசர் எச்டி 414-னு ஒண்ணு கொண்டு வந்தப்போதான் இந்த சமாசாரம் பிரபலமாச்சு. மஞ்சள் ஸ்பாஞ்ச் வெச்ச, காத்து மாதிரி லேசான ஹெட்போன். பின்பக்கம் திறந்திருக்கிறதால சத்தம் உள்ளேயே முட்டி மோதி எதிரொலிக்காது. பாட்டு தலைக்குள்ள அடைச்சுக்கிட்டு இல்லாம, கொஞ்சம் தள்ளி நின்னு பாடற மாதிரி விசாலமா இருக்கும். நம்ம வெயிலுக்குக் காதும் வேகாது.

ஆனா, அதே திறந்த கதவு வழியா உள்ளே இருக்கிறது வெளியே போகும், வெளியே இருக்கிறது உள்ளே வரும். ரெண்டாவது நாளே பாப்பா எழுந்து உட்கார்ந்து, 'எனக்கும் சேர்த்துத்தான் பாடுதா?'ன்னு கேட்டுட்டா. மேல ஃபேன் வேற. மூணாம் நம்பர்ல வெச்சா 'கடக் கடக்'னு ஒரு தாளம். வயலின் தனியா வாசிக்கிற இடத்துல ஃபேன் தபேலா வாசிக்குது!

ஆக, யாரோ 'பெஸ்ட்'னு சொன்னதை வாங்கறதுக்கு முன்னாடி, நீங்க கேட்கப்போற இடத்துல அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க. எவ்வளவு சத்தம் இருக்குன்னு கவனிங்க. தனி ரூம், அமைதியான ராத்திரின்னா ஓப்பன் பேக். ஹாஸ்டல்ல நாலு பேர் ரூம், மெயின் ரோட்டு வீடுன்னா க்ளோஸ்டு பேக். ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம்தான், நேரா போன்லயே பாடும். பட்ஜெட் பத்மநாபன்களுக்கு, காதுக்குள்ள சொருகற வயர் இயர்போன். 2022-ல மூன்ட்ராப் சூ, சல்நோட்ஸ் ஜீரோ மாதிரி குட்டிப் பசங்க வந்து, ரெண்டாயிரம் ரூபாய் பக்கத்துலேயே பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்கு வேர்க்க வெச்சுட்டாங்க.

'விலை கம்மின்னா குவாலிட்டி கம்மியாத்தான இருக்கும்?'னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். 2017-ல ஜெரோன் ப்ரீபார்ட்ங்கற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களோட அளவீடுகளை எடுத்து, தாழ்ந்த ஸ்வரத்துலேர்ந்து உச்ச ஸ்வரம் வரைக்கும் எது எவ்வளவு சத்தமா வருதுன்னு பார்த்து, விலையோட ஒப்பிட்டார். ரிசல்ட்? விலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை! பணம் கட்டுமானத்துக்குப் போகலாம், சொகுசுக்குப் போகலாம், பேருக்குப் போகலாம். காதுக்குத்தான் போகுதுன்னு கியாரண்டி கிடையாது.

அதனால உங்க காதை நம்புங்க. ஆனா அதையும் முழுசா நம்பாதீங்க! ரெண்டு ஹெட்போனை மாத்தி மாத்திக் கேட்கறப்போ, எதுல சத்தம் ஒரு துளி அதிகமோ அதுதான் 'நல்லா இருக்கு'ன்னு மூளை தீர்ப்பு சொல்லிடும். கடையில கேட்டா முதல்ல ரெண்டுக்கும் வால்யூமை ஒண்ணாக்குங்க. கேட்கிற பாட்டு உங்களுக்கு அத்துப்படியா இருக்கணும். நான் எடுத்துட்டுப் போறது இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்?', 1986-ல வந்த ஆல்பம். வி.எஸ்.நரசிம்மனோட வயலின் கிழிக்கிற மாதிரி குத்தினா அந்த ஹெட்போன் அவுட். கூட வர்ற பேஸ் கொழகொழன்னு கஞ்சி மாதிரி ஓடினாலும் அவுட்.

லாஸ்லெஸ் ஃபைல் இல்லாம கேட்கவே மாட்டேன்னு ஸீன் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரூம்மேட்டை விட்டு மாத்தி மாத்திப் போடச் சொல்லி, 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3-யையும் லாஸ்லெஸ்ஸையும் பத்து தடவை கண்ணை மூடிக் கேட்டேன். அஞ்சு தடவை சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்!

அடுத்து, கூட வாங்கற அயிட்டங்கள். கேபிளுக்கு ஐயாயிரம் கொடுக்காதீங்க. ஒண்ணேகால் மீட்டர் சாதாரண செம்பு வயரோட ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமைக்கூட ஒழுங்காத் தொடாது. அதுல வெள்ளி பூசி என்ன, விபூதி பூசி என்ன? அறுந்துபோனா மாத்தற மாதிரி கழட்டற கேபிளா இருந்தா போதும். அந்தக் காசுல பேடு வாங்குங்க. நம்ம வேர்வைக்கு ரெக்ஸின் பேடு ஒண்ணரை வருஷத்துல செதில் செதிலா உரிஞ்சு, காதெல்லாம் கருப்பு மாவு அப்பிக்கும். வெல்வெட் மாதிரி துணி பேடு வேர்வைக்கு தேவலை. ஆனா, பேடை மாத்தினா சத்தமும் மாறும், குறிப்பா பேஸ். அதனால அதே மாடலுக்குன்னு கம்பெனி கொடுக்கிறதையே தேடுங்க. பெரிய பின்னை 3.5-க்கு மாத்தற அடாப்டர் ஒண்ணு பையில இருக்கட்டும். அந்த 6.35 மி.மீ. பின், அந்தக் கால டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர் அம்மாக்கள் சொருகிச் சொருகி எடுத்த அதே பின்தான். நூறு வருஷத்துக்கு மேலாச்சு, இன்னும் ரிட்டயர் ஆகலை. ஸ்டாண்டா? சுவத்துல ஒரு ஆணி, அதுல ஒரு துணி. முடிஞ்சுது கதை.

இனிமேதான் முக்கியமானது.

எங்க ஊர் சோமனூர். எங்க அப்பா இருபத்தாறு வருஷமா விசைத்தறி ஓட்டறார். தறிக்கூடத்துக்குள்ள நின்னா பக்கத்துல இருக்கிறவர் காதுல வாயை வெச்சுக் கத்தணும். ஒருநாள் என் ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டு, 'நத்திங் பட் விண்ட்' போட்டேன். இளையராஜா இசையில ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், 1988. அந்தக் குழல்ல ஸ்வரம் வர்றதுக்கு முன்னாடி, அவர் ஊதற காத்து 'ஃபூ'ன்னு மூங்கில்ல உரசற சத்தம் கேட்கும். அதைக் கேட்கத்தான் ஏழாயிரம் ரூபாயே!

'கேக்குதுங்களா அப்பா?'

'நல்லா கேக்குது கண்ணு. இன்னும் கொஞ்சம் சத்தம் வையி.'

வெச்சேன். இன்னும் வெச்சேன். டாங்கிள்ல ஃபுல். பக்கத்துல உட்கார்ந்திருந்த எனக்கே முழுப் பாட்டும் கேட்குது.

'அந்த மூச்சுக் காத்து கேக்குதுங்களா?'

'எந்தக் காத்து?'

அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுத்தோம். ஆடியோகிராம் கோடு 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவாயில்லாம வந்து, 4000-ல தடால்னு பள்ளத்துல விழுந்திருந்தது. இரைச்சல்ல கெட்ட காதோட கையெழுத்தே அதுதானாம். குழலோட ஸ்வரம் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், அதனால கேட்குது. மூச்சு உரசற சத்தம் அந்தப் பக்கம். உள்காதுல இருக்கிற முடி செல்கள் ஒரு தடவை செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. வலிக்காம, ரத்தம் வராம போயிடும்.

தறி ஓட்டாத நாம அதையே காசு கொடுத்து காதுல மாட்டிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். மூணு டெசிபல் ஏற ஏற நேரம் பாதி ஆகும். 90-க்குப் போனா வாரத்துக்கே நாலு மணி நேரம்தான்! பஸ் இரைச்சல், ஃபேன் சத்தத்தை ஜெயிக்கத்தான் நாம வால்யூமை ஏத்தறோம். அதனாலதான் மூடின ஹெட்போனா திறந்ததான்னு அவ்வளவு யோசிக்கச் சொன்னேன். பல போன்ல ஹெட்போன் சத்தத்துக்கு வரம்பு வைக்கிற வசதி செட்டிங்ஸ்ல இருக்கு. நான் வெச்சுட்டேன். முதல் ரெண்டு நாள் உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருந்தது. அப்புறம் மறந்தே போச்சு.

டாக்டர் சொன்னபடி, அப்பாவுக்கு ஸ்பாஞ்ச் இயர்பிளக் ஒரு டஜன் வாங்கினேன். உருட்டி, காது மடலை மேல இழுத்து, உள்ளே விட்டா 20 டெசிபல் வரைக்கும் குறைக்கும். தினமும் ஷிப்டுக்குக் கிளம்பறப்போ சட்டைப் பையில ரெண்டு வெச்சு அனுப்பறேன். ராத்திரி வந்ததும், 'போட்டீங்களா அப்பா?'ன்னு கேட்பேன்.

'போட்டுக்கறன் கண்ணு'ம்பார்.

பின்னாடி நின்னுக்கிட்டு அம்மா 'இல்லை'ன்னு தலையாட்டுவாங்க.