இன்ஸ்டால் செய்யாமலே மென்பொருள்: பென் டிரைவில் ‘போர்ட்டபிள் ஆப்’ வைத்துக்கொள்வது எப்படி? எதில் கவனம் தேவை?

கல்லூரி லேபிலோ அலுவலகத்திலோ ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யப் போனால், அட்மின் பாஸ்வேர்டு கேட்டு திரை நின்றுவிடும். பிரவுசிங் சென்டரில் பயோடேட்டாவைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தால், வேர்டு லைசென்ஸ் முடிந்துவிட்டதாக வரும். இதுபோன்ற நேரத்தில் கைகொடுப்பவைதான் ‘போர்ட்டபிள்’ மென்பொருள்கள். பென் டிரைவைச் செருகி அப்படியே இயக்கலாம். ஆனால் கவனிக்காமல் விட்டால், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் அடுத்தவர் கைக்குப் போகும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

சாதாரண மென்பொருளிலிருந்து என்ன வித்தியாசம்?

ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது அதன் ஃபைல்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முக்கிய ஃபைல்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்கும், செட்டிங்ஸ் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டருக்கும், வேறு சில குறிப்புகள் விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’க்கும் போகும். இதில் பொதுவான இடங்களில் எழுதத்தான் அட்மின் அனுமதி தேவைப்படுகிறது.

போர்ட்டபிள் மென்பொருளில் ஃபைல்கள், செட்டிங்ஸ் எல்லாமே ஒரே ஃபோல்டருக்குள் அடங்கிவிடும். அந்த ஃபோல்டர் எங்கே போகிறதோ, மென்பொருளும் அங்கே போகும். 2004-ல் ஜான் ஹாலர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை இப்படி மாற்றி வெளியிட்டார். அந்த முயற்சிதான் பின்னர் ‘போர்ட்டபிள்ஆப்ஸ் டாட் காம்’ தளமாக வளர்ந்தது.

எப்படி செட்டப் செய்வது?

1. யுஎஸ்பி 3.0 பென் டிரைவ் நல்லது. பழைய 2.0 வகையில் மென்பொருள் திறக்கவே நேரம் பிடிக்கும்.

2. ஃபார்மேட் செய்வதாக இருந்தால் ‘எக்ஸ்ஃபேட்’ அல்லது ‘என்டிஎஃப்எஸ்’ தேர்வு செய்யுங்கள். ‘ஃபேட்32’ வகையில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு ஃபைலை வைக்க முடியாது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

3. மென்பொருளின் அதிகாரபூர்வ தளத்தில் ‘போர்ட்டபிள்’ அல்லது ‘ஜிப்’ என்று குறிப்பிட்ட பதிப்பை டவுன்லோடு செய்யுங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ், கீபாஸ் போன்றவற்றுக்கு இப்படித் தனிப் பதிப்பு உண்டு. லிப்ரேஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, ஜிம்ப் ஆகியவை போர்ட்டபிள்ஆப்ஸ் வடிவில் கிடைக்கின்றன.

4. ஜிப் ஃபைல் என்றால் பென் டிரைவில் பிரித்து வைத்தால் போதும். போர்ட்டபிள்ஆப்ஸ் ஃபைல் என்றால், அதைத் திறந்ததும் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும். அங்கே பென் டிரைவைக் காட்டுங்கள். பார்க்க இன்ஸ்டால் மாதிரி இருந்தாலும், ஃபைல்களைப் பிரித்து வைப்பது மட்டும்தான் நடக்கும்.

5. புரோகிராம் எழுதுபவர்கள் விஎஸ் கோட் ஜிப் பதிப்பைப் பிரித்து, அதற்குள் ஆங்கிலத்தில் ‘டேட்டா’ என்ற பெயரில் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கினால் போதும். செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அதற்குள்ளேயே சேரும்.

6. வேலை முடிந்ததும் முதலில் மென்பொருளை மூடுங்கள். அதன் பிறகு ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டு பென் டிரைவை எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் செட்டிங்ஸ் ஃபைல் கெட்டுப்போகலாம்.

பாஸ்வேர்டு என்ன ஆகும்?

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். விண்டோஸில் குரோம் சேமிக்கும் பாஸ்வேர்டுகள் அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்படுகின்றன. அதனால் பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் போட்டால் அவை திறக்காது. ஃபயர்ஃபாக்ஸில் பூட்டும் சாவியும் ஒரே ஃபோல்டரில் இருப்பதால் எங்கும் திறக்கும். ஆனால் ‘பிரைமரி பாஸ்வேர்டு’ வைக்காவிட்டால், பென் டிரைவ் தொலையும்போது கண்டெடுத்தவரும் திறக்கலாம். எனவே அதைக் கண்டிப்பாக வையுங்கள். இல்லையென்றால் பாஸ்வேர்டுகளை கீபாஸில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மென்பொருளையும் இப்படி மாற்றலாமா?

முடியாது. பிரிண்டர் டிரைவர், எப்போதும் பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ் போன்றவை விண்டோஸின் உள்ளே ஆழமாக இறங்கி வேலை செய்பவை. அவற்றுக்கு முறையான இன்ஸ்டால் தேவை. வெராகிரிப்ட் போன்ற சில மென்பொருள்கள் போர்ட்டபிளாகக் கிடைத்தாலும், இயக்கும்போது அட்மின் அனுமதி கேட்கும்.

‘போட்டோஷாப் போர்ட்டபிள்’ டவுன்லோடு செய்யலாமா?

வேண்டாம். அடோபி நிறுவனம் போட்டோஷாப்பை போர்ட்டபிளாக வெளியிடுவதில்லை. அந்தப் பெயரில் சுற்றுபவை எல்லாம் யாரோ உடைத்து மாற்றியவை. உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எந்த ஃபைலாக இருந்தாலும் ரைட் கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ இருக்கிறதா, அதில் யார் பெயர் உள்ளது என்று பாருங்கள். நேர்மையான சில இலவச மென்பொருள்களிலும் இது இருக்காது. அப்போது அதிகாரபூர்வ தளத்தை மட்டுமே நம்புங்கள்.

பயன்படுத்திய தடமே இருக்காதா?

அப்படி நினைப்பது தவறு. எந்தப் புரோகிராம் ஓடியது, எந்த ஃபைல் திறக்கப்பட்டது என்பதை விண்டோஸ் தன் பங்குக்குக் குறித்து வைக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் கீ அழுத்தங்களைத் திருடும் வைரஸ் இருந்தால், போர்ட்டபிள் பிரவுசராலும் காப்பாற்ற முடியாது. பொதுக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பென் டிரைவை ஒருமுறை ஸ்கேன் செய்வதும் நல்லது.

கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு

போர்ட்டபிள் மென்பொருள்கள் பெரும்பாலும் தானாக அப்டேட் ஆவதில்லை. குறிப்பாக பிரவுசரை அவ்வப்போது நீங்களே புதுப்பிக்க வேண்டும். போர்ட்டபிள்ஆப்ஸ் மெனுவை வைத்திருந்தால் அதிலேயே அப்டேட் பார்த்துக்கொள்ளலாம்.

அட்மின் பாஸ்வேர்டு கேட்கவில்லை என்பதற்காக, அலுவலகம் அனுமதித்துவிட்டதாக அர்த்தமில்லை. வெளி பென் டிரைவுக்கே தடை போட்ட நிறுவனங்கள் உண்டு. ஐடி பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செருகினால் பின்னால் சிக்கல் வராது.