மலைக்கு அப்பால் பெய்யும் மழை

எழுமலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆனி, ஆடி மாதங்களில் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, மேற்கு மலையின் உச்சியில் மேகம் கறுத்துத் திரண்டு நிற்கிறது, நம் காட்டிலோ புழுதி பறக்கிறது. அந்த மேகம் ஏன் கீழே இறங்கி வருவதில்லை?" வானம் பார்த்த புன்செயில் பருத்தியும் சோளமும் விதைப்போர்க்கு இது வெறும் அறிவுப்பசி அன்று, பிழைப்பைப் பற்றிய கேள்வி. ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, இதற்கு விடை காண முயல்வோம்.

ஓர் ஊரின் வெப்பத்தையும் மழையையும் வகுப்பவை முதன்மையாக நான்கு: நிலநடுக்கோட்டிலிருந்து அதன் தொலைவு, கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம், கடலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, அருகிலுள்ள மலைக்கு எப்பக்கத்தில் அது அமைந்துள்ளது என்பது.

கதிரவனும் உயரமும்

மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் அமைந்துள்ளது. எனவே ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் இறுதியில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை நண்பகற் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறான். சித்திரை பிறக்கும்போதே வெயில் கொளுத்துவதன் காரணம் இதுவே.

கொடைக்கானலும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் இருக்கிறது. ஆயினும் மதுரையில் மின்விசிறி சுழலும் அதே நாளில் அங்கே கம்பளி தேவைப்படுகிறது. மதுரையின் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். கொடைக்கானலின் உயரமோ 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். எனவே ஈரூர்களுக்குமிடையே ஏறத்தாழ 13 டிகிரி வேறுபாடு ஏற்படுகிறது. கதிரவனுக்கு அருகில் சென்றால் வெப்பம் மிகும் என்று எண்ணுவது தவறு. கதிரவன் தரையைச் சுடவைக்கிறான். சுட்ட தரையே காற்றைச் சூடாக்குகிறது. அக்காற்று மேலெழும்போது விரிந்து குளிர்கிறது.

கடலும் மலையும்

கடல்நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. ஆகவே இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் கோடையின் கடுமையைக் கடற்காற்று தணிக்கிறது. கடலுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மதுரைக்கு அந்த ஆறுதல் மிகக் குறைவு.

இனி மலைக்கு வருவோம். கொச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டில், 200 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மதுரையிலோ ஏறத்தாழ 900 மில்லிமீட்டர்தான். இடையே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலைமீது மோதி ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, கேரளப் பக்கத்திலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. எஞ்சிய காற்று உச்சியைக் கடந்து நம் பக்கம் இறங்குகையில் அமுக்கமுற்று, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. அச்சூட்டில் மேகத்தின் நுண்துளிகள் மீண்டும் ஆவியாகி மறைகின்றன. உச்சியில் தெரிந்த மேகம் அடிவாரத்தை அடையாததன் மறைபொருள் இதுதான். ஆடியில் அம்மியைப் பறக்கவைப்பதாகச் சொல்லப்படும் காற்று நமக்கு வறண்ட காற்றாக வருவதும் இதனால்தான். வங்கக்கடலிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே நமக்குப் பெருந்துணை.

மனிதர் செய்தது

மலையைப் பெயர்க்க இயலாது. ஆயினும் மலை தடுத்த நீரை மனிதர் இப்பக்கம் கொணர்ந்தனர். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைப் பென்னிகுயிக் அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, வைகைப் பள்ளத்தாக்கிற்குத் திருப்பினார். 1895-இல் நிறைவுற்ற அப்பணி மதுரைச் சமவெளியை வாழ்வித்தது. எழுமலைப் பக்கத்திற்கோ ஆற்றுப்பாசனம் வாய்க்கவில்லை. பெய்யும் மழையும் அதைத் தேக்கும் கண்மாய்களுமே நம் செல்வம்.

இங்கேதான் ஐந்தாவது காரணம் வருகிறது: தரையை மூடியிருப்பது எது? ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கண்மாயும் மரமும் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன, ஊர் குளிர்கிறது. கற்காரையும் தார்ச்சாலையும் பகலெல்லாம் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளியிடுகின்றன. மதுரை நகரின் நடுவே கூடலழகர் கோயிலின் பெருமாள் தெப்பம் நெடுங்காலம் நாற்புறமும் கடைகளால் அடைபட்டு வறண்டு கிடந்ததை நாம் அறிவோம். இவ்வாறு நீர்நிலை ஒவ்வொன்றாக மறையும் நகரில் இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. தகரக் கூரையின் கீழ் உறங்கும் கூலித் தொழிலாளியும், முதியோரும், கைக்குழந்தைகளுமே அதன் துன்பத்தை முதலில் சுமக்கின்றனர்.

நிலக்கோட்டையும் மலையையும் கடலையும் மாற்ற நம்மால் ஆகாது. தரையோ நம் கையில் இருக்கிறது. மழைக்காக மன்றாடும் நாம், அம்மழை வந்து தங்குவதற்கு இடம் வைத்திருக்கிறோமா? வரத்துக்கால்களில் முள்ளும் குப்பையும் அடைத்திருந்தால் ஐப்பசி மழை நம் கண்ணெதிரே ஓடி வீணாகும். புரட்டாசி முடியுமுன் ஊர் கூடி அவற்றைத் தூர்வாருவோம். கண்மாய்க் கரையில் மரம் நடுவோம். வீட்டு முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாது, வேம்பு ஒன்றுக்கேனும் இடம் விடுவோம்.